மிளகாய் என்றொரு கிரகம்

"இதோ பாருங்க, அக்கா ஸ்டேஷன்ல பெட்டியோட நிக்கிறா. நீங்க காரை எடுக்கிறீங்களா, இல்ல நான் டாக்ஸிக்குச் சொல்லவா?"

"அஞ்சே நிமிஷம். கப்பலோட பலம் எட்டு சதவீதம்தான் இருக்கு. இப்பக் கையை எடுத்தேன், செத்தேன்."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கணினித் திரையை முறைத்தாள். நாலு மாதமாக இதே பாட்டு. மனுஷன் வேலை விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். வானத்தில் இருக்கிற நட்சத்திரம் ஒன்று விடாமல் சுற்றுகிற விளையாட்டாம் அது. துணி துவைக்கிற மெஷின் மூன்று வாரமாகத் தண்ணீர் கக்குகிறது. அதைப் பார்க்கத்தான் நேரமில்லை.

"செத்தா மறுபடி முதல்லேர்ந்து ஆடுங்களேன். பொம்மைக் கப்பல்தானே!"

"புரியாம பேசாத. கண்டுபிடிச்ச கிரகத்தையெல்லாம் விண்வெளி நிலையத்துல இறங்கித்தான் பதிவு பண்ண முடியும். அதுக்கு முன்னாடி கப்பல் வெடிச்சா நாலு மாசமும் காலி. உன் கிரகமும் காலி."

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

விஷயம் இதுதான். இந்த வருஷம் கல்யாண நாளை அவர் சுத்தமாக மறந்துபோனார். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோய், கடைசியில் சமாதானத்துக்கு ஒரு கிரகம் தருவதாகச் சொன்னார். யாருமே எட்டிப் பார்க்காத மூலையில் அவர் கண்டுபிடித்த சிவப்புக் கிரகம். முதலில் பதிவு செய்கிறவர் பெயர் வைக்கலாம். அப்புறம் எந்த நாட்டுக்காரன் அந்தப் பக்கம் போனாலும் அந்தப் பெயர்தான் தெரியும். 'மிளகாய்' என்று வைக்கப்போகிறாராம். கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு சிவக்கும் என்று அவர் கூப்பிடுகிற செல்லப் பெயர் அது. ஊரில் ஒவ்வொருத்திக்கும் என்னென்னவோ கிடைக்கிறது, எனக்கு வாய்த்ததைப் பார் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டாலும், அக்காவிடம் ஜாடைமாடையாகச் சொல்லி வைத்திருந்தாள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"அதெப்படி எட்டு சதவீதம் ஆச்சு?" குரலைத் தணித்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு கனமான கிரகத்துல வேகமா இறங்கி மோதிட்டேன். பழுது பாக்குற சாமானும் தீந்துபோச்சு. எரிபொருள் பிடிக்க நட்சத்திரத்தோட ஓரத்துல உரசிக்கிட்டே வரணும். கொஞ்சம் கிட்டப் போனா வெந்துடும், தள்ளிப் போனா ஒண்ணும் கிடைக்காது."

"தினம் அடுப்பு முன்னாடி நிக்கிறவகிட்டயே சொல்றீங்களா இதை?"

போன் அடித்தது. அக்காதான்.

"எங்கடி இருக்கீங்க? கால் கடுக்க நிக்கிறேன்."

"கோச்சுக்காத அக்கா, அஞ்சு நிமிஷம். கப்பல் கிட்ட வந்துடுச்சு."

"கப்பலா? உங்க ஊர்ல ஏதுடி கடல்?"

திரையில் நிலையம் மலைபோல எழுந்து வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் ஏதோ கத்தியது.

"அந்தச் சத்தத்தைக் குறைங்க. அக்கா பேசுறது காதுல விழல."

அவர் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டு முன்னால் குனிந்தார்.

"எரிபொருள்?" என்று தன்னையே கேட்டார். "இருக்கு" என்று தானே சொன்னார். "வேகம்? குறைச்சாச்சு. சக்கரம்? இறக்கியாச்சு."

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். வீட்டைப் பூட்டினால்கூடக் கேள்வியும் பதிலும் அவரே சொன்னால்தான் படி இறங்குவார். கூடவே போகிறவளுக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

"மூலையில ஏதோ சிவப்பா எரியுதே, என்னங்க அது?"

"பலம் குறைஞ்சிருக்குன்னு காட்டுது. ஒரு வாரமா எரிஞ்சுட்டுத்தான் இருக்கு. நீ சும்மா இரு."

நிலையத்தின் வாசல் திறந்திருந்தது. உள்ளே விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. அவள் தன்னை அறியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். போனில் அக்கா கத்திக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"வந்துட்டோம்டி மிளகா, வந்துட்டோம்!"

நிலையத்துச் சுவரிலிருந்த பீரங்கிகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. சத்தமே இல்லாமல் திரை வெள்ளையாகி, பிறகு கறுத்தது. நடுவில் எழுத்துகள் வந்தன.

'இறங்க அனுமதி கேட்காமல் நுழைந்ததால் உங்கள் கப்பல் அழிக்கப்பட்டது.'

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. நாலு மாதம் போயிற்று, மிளகாயும் போயிற்று. பொம்மைக் கிரகத்துக்குப் போய்க் கண் கலங்குகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. துடைத்துக்கொண்டு அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். மூக்கு சிவந்தது.

"அனுமதி கேக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரு பட்டனை அழுத்தினா போதும். ஆனா, கேக்கணும்னு தோணவே இல்லடி. கேட்டுப் பழக்கம் இல்ல."

"எப்படி இருக்கும்? ஏர்போர்ட் கண்ட்ரோல் டவர்ல உக்காந்துக்கிட்டு, 'என்கிட்ட கேக்காம ஒரு சக்கரம் தரையில படக்கூடாது'ன்னு வர்ற பைலட்டை எல்லாம் பதினஞ்சு வருஷமா அதட்டி இறக்குற ஆளாச்சே நீங்க!"