நிஜமா, கப்சாவா?

ரிமோட்டை அவள் அவரிடம் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ம், ஆரம்பிங்க," என்றாள்.

டிவியில் அந்த ஜப்பான் பொம்மைப் படம். பத்து வயதில் சுதர்சன் அடம்பிடித்து வாங்கிய சிடி. ஒரு விமானி, ஒரு ஓட்டை விமானம், கண்ணுக்கெட்டிய தூரம் கடல்.

விளையாட்டும் அவன் கண்டுபிடித்ததுதான். படம் ஓட ஓட அவன் கேட்பான். முப்பத்தொரு வருடம் விமானக் கொட்டகையில் ஸ்பேனர் பிடித்த அப்பா தீர்ப்பு சொல்ல வேண்டும்.

நிஜமா, கப்சாவா?

இன்று கேட்பது அவன் அம்மா.

திரையில் விமானி இறக்கைக்கு அடியில் குனிந்தான். டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"நிஜம்," என்றார். "தண்ணி கலந்திருக்கான்னு பாக்கறான். அதைப் பாக்காம ஏறக் கூடாது."

"நம்ம புள்ள பாத்திருப்பானா?"

"பாத்திருப்பான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

நாற்பத்து மூன்று நாளாயிற்று. கடலோரத்தைப் படமெடுக்கப் போன சின்ன விமானம். ஓட்டிப் போனவன் சுதர்சன். அது திரும்பவில்லை. ஒரு தகரத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

கிடைக்காததே அவளுக்குப் போதுமாயிருந்தது. இன்னமும் மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறாள்.

காலையில் போன் வந்தது. அவர் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்.

"தேடறதை நேத்தோட நிறுத்திட்டோம் சார்."

அவளிடம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து தொண்டை வரைக்கும் வருகிறது. அங்கேயே நின்றுவிடுகிறது. எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு திமிங்கலம் வந்தது. விமானியிடம் வழி கேட்டது.

"கப்சா."

"அதானே," என்று அவள் லேசாகச் சிரித்தாள். நாற்பத்து மூன்று நாளில் முதல் சிரிப்பு.

பொய் சொல்ல வராது அவருக்கு. வரவே வராது. பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு போட்ட பஜ்ஜி எப்படி?" என்று கேட்டதற்கு, "உப்பு தூக்கல்" என்று சொன்ன ஆசாமி. மாமியார் கண்மூடுகிறவரை அதை மறக்கவில்லை. நல்லவேளை, பொண்ணுக்குப் பிடித்துப்போயிற்று. இந்த மனுஷன் சொன்னா சொன்னதுதான் என்று அன்றைக்கு நம்பியவள். இருபத்தெட்டு வருடமாக அதே நம்பிக்கை.

திரையில் பெட்ரோல் முள் சைபரைத் தொட்டது. இன்ஜின் இருமியது. காற்றாடி நின்றது.

"நிஜம்," என்றார்.

அடுத்து வரும் இடம் அவருக்குத் தெரியும். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். எழவில்லை.

விமானம் கடலில் விழவில்லை. மேகத்தின் மேல் ஒரு மைதானம். காணாமல்போன விமானங்களெல்லாம் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஓட்டி வந்தவர்கள் நனைந்த சட்டையைக் காயப்போடுகிறார்கள். ஒருவன் சோறு வடிக்கிறான். புதிதாக வந்தவனைப் பார்த்துக் கையாட்டுகிறான்.

இந்த இடத்தில்தான் சுதர்சன் அழுவான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிஜம்னு சொல்லுப்பா என்று காலைக் கட்டிக்கொள்வான். கப்சாடா என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னார். பாவி, சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவள் சத்தத்தை நிறுத்தினாள்.

"ஏங்க. இது?"

அவரைப் பார்க்கவில்லை. சோறு வடிக்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்குத்தான் பெட்ரோல். கீழே கடல். வேறொன்றுமில்லை. அதை அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"ஏங்க, உங்களைத்தான்."

"நிஜம்," என்றார்.

திரையில் ஒருவன் சட்டையை உதறினான்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு டிவியை அணைத்தாள்.

"காலையில குழாயைத் தெறந்துவிட்டுட்டு யார்கிட்ட பேசினீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அரிசி டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு ஆழாக்கு பாத்திரத்தில் விழுந்தது.

மூன்றாவதை அள்ளினாள். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

டின்னிலேயே திருப்பிக் கொட்டினாள்.