உதட்டில் உருவிய நூல்

மாலை வெயில் மலாயாவின் கிள்ளான் ஆற்றின் சேற்று நீரில் செம்புத் தகடாய் மின்னுகிறது. மரப் படகுத்துறையின் கால்களுக்கிடையில் பெரிய கொடுவா மீன் ஒன்று மறுபடியும் தொப்பென்று மேலெழுந்து இரை கவ்வுகிறது. ரயில்வே குமாஸ்தா அருளம்பலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் மனைவி பராசக்தியோ தூண்டிலை வீசாமல், கடையில் முறுக்கு நூலையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தானே தேர்ந்தெடுத்த பட்டுப் பின்னல் நூலின் நுனியை உதடுகளுக்கிடையே மெல்ல உருவிக்கொண்டிருக்கிறாள். ஒரு முழம் வந்ததும் நிறுத்துகிறாள். "இஞ்சாருங்கோ, கத்தியைத் தாங்கோ." "புது நூலெல்லோ, ஏன் வெட்டுறீர்? மீன் போகப்போகுது!" "முதல் பிடிச்ச கொடுவாவின்ரை கூர்ச் செவுள் நூலை உரசிப்போட்டுது. கண்ணுக்குத் தெரியாது, உதட்டிலைதான் பிசிறு தட்டுது." அந்த முழத்தை வெட்டிப் போடுகிறாள், நுனியை எச்சிலில் நனைத்துத் தூண்டில் முள்ளில் முடிச்சை இறுக்குகிறாள், இறாலைக் கோத்து வீசுகிறாள். தண்ணீர் வெடிக்கிறது. துறையின் காலைச் சுற்றப் பாய்கிற மீனைப் பராசக்தி கால் ஊன்றி மறித்துப் பிடிக்கிறாள். நூல் விண்ணென்று இரைகிறது, அறுபடவில்லை. வாய் பிளந்து நிற்கும் அருளம்பலம் காலடியில் கிடந்த, அவள் வெட்டிப்போட்ட நூல் துண்டை எடுத்து, இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பார்க்கிறார். அது பட்டென்று அறுந்து இரண்டாகிறது.