மூடியின் மேல் ஒரு பச்சை விளக்கு

இருட்டறையில் படிகத்தின் மின்சாரத்தை அளக்கும் மீட்டரின் எண் மறுபடியும் ஏறுகிறது. ஏறக் கூடாது. லேசரின் சிவப்பு ஒளி படிகத்தைத் தொடாதபடி குறுக்கே கறுப்பு அட்டையைச் செருகியவள் ஆராய்ச்சிக்காரியேதான். இந்தப் படிகத்தின் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடச் சிவப்பு ஒளிக்குத் தெம்பு போதாது என்கிறது பாடப்புத்தகம். போதும், மின்சாரம் ஓடுகிறது என்று நான்கு மாதம் அளந்து அவள் கட்டுரை எழுதியிருக்கிறாள். இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். எதற்கும் ஒரு தடவை மறைத்துப் பார்ப்போம் என்று நினைத்ததுதான் வினை. "அட்டையில ஓட்டை இருக்காண்ணே?" "புது அட்டைம்மா, ஊசிகூட நுழையாது," என்கிறார் கருவிகளைப் பராமரிப்பவர். லேசரின் மூடியைத் திறக்கும் பொத்தானை அழுத்துகிறாள். எண் ஏறுகிறது. மூடினால் இறங்குகிறது. "பேய் உங்க பொத்தானுக்குப் பழகிடுச்சு போல." "வெறுப்பேத்தாதீங்கண்ணே!" என்று திரும்பும்போதுதான் அது கண்ணில் படுகிறது. மூடி திறந்திருப்பதைக் காட்ட, அதன் தலையில் எரியும் கடுகளவு பச்சை விளக்கு. மூடி திறந்தால் எரியும், மூடினால் அணையும். அட்டைக்கு மேலாக அது நேரே படிகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பச்சைக்கு அந்தத் தெம்பு தாராளமாக உண்டு. விரலை அதன்மேல் வைக்கிறாள். எண் பூஜ்யத்துக்கு விழுகிறது. எடுக்கிறாள், ஏறுகிறது. மறுபடி வைக்கிறாள். நான்கு மாதமாக அளந்தது சிவப்பின் மின்சாரத்தை அல்ல, இந்தப் பச்சையின் மின்சாரத்தை. "கட்டுரையை அனுப்பிட்டியாம்மா?" என்று கதவுக்கு வெளியே பேராசிரியரின் குரல். பராமரிப்பவர் கறுப்பு டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, விளக்கை மறைக்கச் சத்தமில்லாமல் நீட்டுகிறார். அவள் வாங்கவில்லை. நகத்தின் ஓரம் பச்சையாகக் கசிய, விரலை இன்னும் அழுத்துகிறாள்.