வேட்டு இல்லாத கொடை

“இந்தக் கொடைக்கு எவனாவது வேட்டுப் போட்டியன்னா, ரத்தம் கக்கிச் சாவிய.”

பலவேசத்தின் மேல் இறங்கிய சுடலைமாடன் அரிவாளைத் தூக்கிக் கர்ஜித்ததும், கீழத்தெரு மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இசக்கிராஜாவின் உதடு மட்டும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. வசனம் எழுதிக் கொடுத்தவன் அவன்தான். ரத்தம் கக்குவது மாத்திரம் மாடனின் சொந்தச் சரக்கு.

வேறு வழி இருக்கவில்லை. போன மாதம் மேலத்தெருக்காரர்கள் தங்கள் கோயில் கொடைத் திருவிழாவில் அரைமணி நேரம் வேட்டுப் போட்டிருந்தார்கள். அவர்களை மண்ணைக் கவ்வ வைக்கவென்றே கீழத்தெரு லோடு ஆட்டோ நிறையச் சரவெடி இறக்கியிருந்தது. இந்த நேரத்தில் போய், ‘என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆப்கானிஸ்தான் பையனுக்குச் சத்தம் ஆகாது’ என்று நின்றால் இசக்கிராஜாவைத்தான் திரியில் கட்டிக் கொளுத்துவார்கள்.

பையன் பெயர் முர்தசா. பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து தெருத் தமிழும் பழகிவிட்டவன், ஹஸாரா இனம். ஊர் காபூல். அந்த நாட்டில் அவர்கள் சிறுபான்மை. முக ஜாடை வேறு, தொழுகிற முறையும் கொஞ்சம் வேறு. குண்டு வைக்கிறவனுக்கு அது போதாதா? பள்ளிவாசல், கல்யாண வீடு என்று தேடித் தேடி வைத்தார்கள். டியூஷன் கட்டடத்தில் வைத்த அன்று முர்தசாவின் அக்கா உள்ளே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

போன வருஷக் கொடையில் முதல் வேட்டுக்கே முர்தசா கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். இசக்கிராஜாவின் மனைவி பொன்செல்வி சோற்றுத் தட்டோடு குனிந்து குனிந்து கூப்பிட்டும் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. குண்டு விளைகிற ஊரிலிருந்து வந்தவன் சரவெடிக்குப் பயப்படுகிறானே என்று தெருவே சிரித்தது. இசக்கிராஜாவும் சேர்ந்து சிரித்தான். அக்கா கதை பிறகுதான் தெரியவந்தது. சிரித்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாகிப் போனது.

இந்த வருஷம் கொடைக்குப் பந்தக்கால் நாட்டியதிலிருந்து முர்தசா மூன்று தடவை கேட்டுவிட்டான், வேட்டு சரியாக எத்தனை மணிக்கு என்று. பாவம், ஓடி ஒளிய நேரம் பார்க்கிறான் என்று இசக்கிராஜா முடிவு கட்டினான். தெரு கட்டுப்படுகிற ஒரே அதிகாரி மாடன்தான். அதனால் நேரே சாமியாடி பலவேசத்திடம் போனான்.

பலவேசம் குதித்தார். “ஏலே, சாமி பேர்ல பொய் சொன்னா கண்ணு அவிஞ்சு போவும்லே.”

“மாடன் சுடுகாட்டுலயே குடியிருக்கவரு மாமா. எழவு விழுந்த வீட்டுப் பிள்ளையோட கஷ்டம் அவருக்குத் தெரியாதா?”

பலவேசம் வெகுநேரம் தாடியைச் சொறிந்தார். மாடனுக்கு ஆட்சேபம் இருந்தால் அன்றைக்கு நேரில் வந்து சொல்லிக்கொள்ளட்டும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். மாடன் ஆட்சேபித்த மாதிரி தெரியவில்லை. மத்தியானக் கொடையில் பலவேசம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தவனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

இளவட்டங்கள் எழவு வீட்டு முகத்தோடு சரவெடிப் பெட்டிகளை ஆட்டோவில் திருப்பி ஏற்றினார்கள். இனி எந்த முகத்தோடு மேலத்தெரு வழியாகப் பஸ் ஏறப் போவேன் என்று தர்மகர்த்தா சிவசங்கரன் புலம்பிக்கொண்டிருந்தார். மேளம் ஓய்ந்து, பந்திக்கு இலை போட ஆரம்பித்தார்கள்.

இசக்கிராஜாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஊரை ஏமாற்றினாலும், சாமியைக் கூட்டு சேர்த்தாலும், ஒரு பிள்ளை இன்றைக்குக் கட்டிலுக்கு மேலேயே இருக்கும். மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முர்தசா வந்தான். தேய்த்த சட்டை போட்டிருந்தான். கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதன் திரையில் முக்காடு போட்ட ஓர் அம்மா, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியபடி காத்திருந்தாள்.

“வேட்டு எப்ப அண்ணாச்சி?” என்று கேட்டான். “வெடிச்ச பொறவும் எல்லாரும் உக்காந்து சாப்பிடுவாங்கன்னு சொன்னா, அம்மா நம்ப மாட்டேங்கா.”