ஒரே ஒரு அவரை விதை

"ரெண்டு மூட்டையையும் நான்தான் எடுத்தேன்" என்றார் கண்டக்டர்.

விதைக் கொட்டகைக்குள் இருந்த எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். வெல்டர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டா? மூணுல்ல காணோம்?"

"ஆமா... மூணு. பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

"எங்க கொண்டுபோய்ப் போட்டீங்க?"

கண்டக்டர் கதவுப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மில்லும் பஸ் கம்பெனியும் ஒரே வருடத்தில் மூடிவிட, வேலை போன இருபது பேர் ஒன்றுகூடித் திருத்திய தரிசு நிலம் அது. நிலமும் பொது, உழைப்பும் பொது, விளைவதும் பொது. அரை வயிற்றோடு படுத்து ஒதுக்கிவைத்த விதைச் சோளம்தான் இப்போது காணாமல் போயிருந்தது. விதைப்புக்கு நாலே நாள்.

"எத்தனை பேரை நடுவழியில இறக்கிவிட்டிருப்பீங்க கண்டக்டரே!" என்றார் பார்பர். "இன்னிக்கு உங்க ஸ்டாப் வந்துடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

"பானையை எடுங்கப்பா" என்றார் வெல்டர்.

ஆளுக்கு ஓர் அவரை விதை, ஒரு சோளம். துணி மூடிய பானைக்குள் கையை விட்டு ஒன்றைப் போட வேண்டும். சோளம் என்றால் போகட்டும். அவரை என்றால் இருக்கட்டும். ஒரே ஒரு அவரை விழுந்தாலும் ஆளை வெளியே அனுப்பக் கூடாது. முதல் கூட்டத்தில் சண்டை போட்டு இந்த விதியைக் கொண்டுவந்தவரே கண்டக்டர்தான்.

அதை நம்பித்தான் நிமிர்ந்து நின்றார். வெளியே போனால் அவருக்கு வேலையும் கிடைக்காது, ஒதுங்க ஒரு கூரையும் கிடைக்காது. ஆனால், ஓட்டுப் போடும் பத்தொன்பது பேரில் கடைசியாக நின்றவள் அவர் மனைவி. இருபத்திரண்டு வருடமாகக் கூட வாழ்ந்தவள். மற்ற நாள் எப்படியோ, இன்றைக்கு அவள் கை அவரையைத்தான் போடும்.

வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டார். பார்பர் இரண்டு தரம் கையை உள்ளே விட்டார். எல்லோரும் முறைக்க, "விரல்ல ஒட்டிக்கிச்சுய்யா, ஒண்ணுதான் போட்டேன்" என்றார். மனைவி கண்ணைத் துடைத்தபடி போட்டுவிட்டு நகர்ந்தாள்.

பானையைச் சாக்கின் மேல் கவிழ்த்து, வெல்டர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

பத்தொன்பதும் சோளம்.

கண்டக்டர் பானையை வாங்கி உள்ளே தடவிப் பார்த்தார். அடியில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. பார்பர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

கேட் வரைக்கும் மனைவி மட்டும் கூட வந்தாள். அவருடைய துணிமணிகளை ஒரு பையில் மடித்து எடுத்து வந்திருந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றார் அவர். "நீ ஒருத்தி போட்டிருந்தா போதுமே!"

அவள் பையை அவர் தோளில் மாட்டிவிட்டாள். மடங்கிக் கிடந்த காலரை நீவிச் சரிசெய்தாள். கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மூணு மூட்டையையும் நான் எடுத்ததை, என்னிக்காவது ஒருநாள் உளறிடுவீங்களே."