ரஷ்ய மழைக்குக் கால் உண்டு

"ஒத்தச் சொல்லு ஊரு போய்ச் சேராது, அதுக்குத் துணையா ஒரு..." என்று கிழநாரை அடிக்கடி எதையோ சொல்லும். மீதி மைனாவுக்கு மறந்துவிட்டது.

அவை வாழ்ந்த ஏரிக்கு அன்று மாலை ரஷ்யாவிலிருந்து வாத்துகள் முதன்முறையாக வரவிருந்தன. வரவேற்புரை மைனாவின் பொறுப்பு. பேச்சு பிடிக்காவிட்டால் விருந்தாளிகள் அடுத்த ஏரிக்குப் பறந்துவிடுவார்கள். மைனா அகராதியைப் புரட்டி, "இங்கே நல்ல மழை விழும்" என்று ரஷ்ய மொழியில் எழுதி, ஏரிக்கரை நூலகத்தில் குடியிருந்த கட்டெறும்பிடம் பெருமையாகப் படித்துக் காட்டியது.

"ரஷ்யாவுல மழை விழாது அண்ணே, நடக்கும்," என்றது எறும்பு.

"ஏன்டி, மழைக்குக் காலா முளைச்சிருக்கு?"

"நம்ம ஊருல காத்து அடிக்குதே, அதுக்குக் கையா முளைச்சிருக்கு?"

மைனா அகராதியை மறுபடி புரட்டியது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வந்து பாருங்க."

அலமாரி நிறைய ரஷ்யப் புத்தகங்கள். கதைகள், கடிதங்கள், பழைய நாளிதழ்கள். கட்டெறும்பின் கூட்டத்து எறும்புகள் ஆளுக்கொரு வரியாக ஊர்ந்துபோய், 'மழை' என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பின. 'நடக்கிறது' என்று எண்ணூறு எறும்புகள் ஒரு பக்கம் நின்றன. 'விழுகிறது' பக்கம் மூன்றே மூன்று.

"அந்த மூணை எதுக்கு நிறுத்தி வச்சிருக்கே?"

"அதுவும் யாரோ எழுதுனதுதானே அண்ணே. தள்ளிவிட நாங்க யாரு?"

 மைனா அகராதியை மூடிவிட்டு, தன் பேச்சில் மீதமிருந்த முப்பது வரிகளையும் எறும்புகளின் முன்னால் விரித்து வைத்தது.