பெட்டிக்குப் பின்னால் நடந்தவன்

அவன் தன் கவிதைப் புத்தகத்தைத் திறந்தான். புகையில் கண் எரிந்தது.

எதிரே அம்மா. அடுப்பின் கம்பி வலைமேல் மீன்களைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எக்கோ, உனக்குப் பரிசு வாங்கிக் குடுத்த பாட்டு எது? அதையே படி. நம்ம பேச்சுல சொல்லு."

பத்தொன்பது வயதில் எழுதியது. கானாவின் இந்தக் கடலோர ஊரை விட்டுத் தலைநகருக்குப் படிக்கப் போன முதல் வருடம். இவள் தெருத்தெருவாக மீன் கூவி விற்ற குரல் விடுதி அறையிலும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் கூவலின் ஏற்ற இறக்கத்தில்தான் வரிகள் வந்தன.

ஆனால் உயிரோடு இருக்கும் அம்மா கவிதைக்குப் போதவில்லை.

கொன்றுவிட்டான்.

பரிசு வந்தது. பேட்டிகளில், "உங்கள் தாயின் மறைவு..." என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அவன் திருத்தவில்லை. லண்டனில் ஒரு பெண்மணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நன்றி சொன்னான். அன்று மாலையே அம்மாவுடன் போனில் பேசினான். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

இப்போது பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனான். கடலைப் பற்றி ஒன்று இருந்தது. அதைச் சொல்லிவிடலாம். இவளுக்கு என்ன தெரியப்போகிறது? அதன் முதல் வரியைச் சொல்லத் தொடங்கினான்.

"அது இல்ல. நான் செத்துப்போற பாட்டு."

அவன் நிமிரவில்லை.

"பள்ளிக்கூடத்து டீச்சர் போன வருசமே படிச்சுச் சொல்லிட்டாங்க. எனக்கு உன் வாயால கேக்கணும்."

சொன்னான்.

வரி வரியாக, ஃபான்டே மொழியில். ஆங்கிலத்தில் மின்னிய இடங்களெல்லாம் இங்கே வெறும் சாவாக இருந்தன. சவப்பெட்டி. ஈர மணல். பெட்டிக்குப் பின்னால் தனியாக நடக்கும் ஒரே பிள்ளை.

அந்த வரியை வேகமாகச் சொல்லிக் கடந்தான். எப்படியோ முடித்தான்.

அம்மா கோபப்படவில்லை. அழவும் இல்லை. கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"என்னைக் குளிப்பாட்டினது யாரு?"

பிணத்தைக் குளிப்பாட்டுவது பெண்கள் செய்யும் வேலை. கவிதையில் ஒரு பெண்கூட இல்லை.

"எஸி வரலியா?"

எஸி அவனுடைய அக்கா. அவன் படிக்க வேண்டுமென்று ஐந்தாம் வகுப்போடு நின்று மீன்கூடை தூக்கியவள். ஆறு வருடமாக இந்த வீட்டுப் பக்கம் வராதவள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

"வந்தா, அம்மா. அவதான் குளிப்பாட்டினா."

"அதைப் படி."

அவன் பக்கத்தைத் திருப்பினான். அங்கே ஒன்றும் அச்சாகியிருக்கவில்லை.

வாசிக்கத் தொடங்கினான்.